பெயர் வெட்டிய பால் சட்டி

சும்மா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தோன்றுகிறது, சும்மா பார்க்கிற முகமா இது என்று. துணிக்கடையில் சொல்லலாம், நகைக்கடையில்கூடச் சொல்லலாம், காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்குள் அறுபத்தோரு வயதுப் பெண்பிள்ளை காலை பதினோரு மணிக்குத் தனியாக நுழைந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சும்மா பார்க்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கடைக்கார பாய் நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். "பாருங்க மேடம், நிதானமா பாருங்க, பின்கட்டுலயும் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, ஒரு பழைய பூட்டுக்குள் எண்ணெய் விடுகிற வேலையைத் தொடர்ந்தார். மேடம் என்றார். நல்ல வேளை, எங்கள் பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி ஆச்சி என்று சொல்லவில்லை. திருச்சியில் முப்பத்தைந்து வருஷம் பூகோளம் நடத்தியதில் என் பேச்சிலிருந்து ஊர் கழன்று போயிருக்கிறது, அது இன்றைக்கு உதவுகிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு சின்னப் பித்தளைப் பால் சட்டி, விளிம்பு மடித்தது, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக இரண்டு பெயர் வெட்டியது. உமையாள், ஏகப்பன். உமையாள் நான். ஏகப்பன் எனக்கு யாருமில்லை. ஊருக்குத்தான் அவர் பெரிய மனிதர், கோயில் கமிட்டியில் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார், இந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த வீட்டு ஆள் ஒருவர் கண்ணில் படுவதற்கு முன்னால் அந்தச் சட்டியை நான் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இரண்டு மணி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் திருச்சி, அங்கிருந்து டவுன் பஸ், காவிரிப் பாலத்தில் இறங்கி ஒரு வீச்சு, தீர்ந்தது. அவ்வளவுதான் என் வேலை. அதற்குத்தான் இந்தச் சும்மா.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கடை என்கிறார்கள், நாலைந்து வீட்டை ஒரே ஹாலில் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது. சுவர் நிறைய கடிகாரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம், எதுவும் ஓடவில்லை. பீங்கான் ஜாடிகள், எனாமல் தட்டுகள், ரங்கூன் தேக்கில் கண்ணாடி பீரோ, யாரோ குழந்தையின் மரத் தொட்டில், அதற்குள் டெலிபோன்கள். கறுப்பு டெலிபோன், சுழற்றுகிறது. ஆத்தா வீட்டில் இதே மாதிரி ஒன்று நடு ஹாலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு நான் திருச்சியிலிருந்து கூப்பிடுவேன். மூன்றாவது மணியில் எடுப்பாள். "சாப்பிட்டியா? உடம்பு நல்லாயிருக்கா?" என்று இரண்டு கேள்வி, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் "இரு, இரு, பால் பொங்குது" என்று வைத்துவிடுவாள். வாரா வாரம் பால் பொங்கும். பேச விஷயமில்லாத அம்மாவும் மகளும் இதைவிட நாசூக்காக எப்படிப் பிரிவது, நல்ல சாக்குத்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள் என்று நான் டீச்சர்ஸ் ரூமில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கலாமா என்று ஒரு பைத்தியக்கார ஆசை வருகிறது. பாய் பார்ப்பார். எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது சட்டி. கண்ணை அலையவிடக் கூடாது.

போட்டோக்களைத் தாண்டித்தான் பித்தளைப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. பெரிய பெரிய சட்டம் போட்ட போட்டோக்கள், தரையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கழுத்துருத் தாலியோடு ஒரு கல்யாணப் பெண், பக்கத்தில் நாற்காலியில் கோட்டு போட்ட மாப்பிள்ளை. யார் வீட்டு அப்பச்சியோ. பெற்ற பிள்ளைகள் இவரை விற்றுவிட்டார்கள், நாளைக்கு ஏதாவது ஓட்டலில் சாம்பார் வாடையில் தொங்குவார். எனக்கு அவர்கள்மேல் கோபம் வருகிறது, வந்த வேகத்தில் வெட்கமும் வருகிறது. நானும்தானே விற்றேன். தம்பி வயிரவன் போன மாதம் சென்னையிலிருந்து கூப்பிட்டு, "ஆச்சி, பங்கு வீட்ட வெலைக்குக் குடுத்துர்றதுன்னு பங்காளிக எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. உங்க சாமான் ரூம் பூட்டியே கிடக்கு. என்ன செய்ய?" என்று கேட்டான். நான் விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒரு நொடிகூட யோசிக்காமல் "எல்லாத்தையும் குடுத்துரு" என்றேன். "எல்லாமா?" "எல்லாந்தான். எனக்கு எதுக்குப்பா?" பத்து நாள் கழித்து வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். எங்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி, அதன் முதுகு நிறைய பித்தளையும் வெண்கலமும் எனாமலும் வெயிலில் பளபளவென்று. ரூம் காலி, அடுப்படியும் காலி என்று கீழே எழுதியிருந்தான். நான் மத்தியானச் சாப்பாட்டில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகுதான் சுருக்கென்று நினைவு வந்தது, அடியில் அந்தச் சட்டி கிடக்கிறதே என்று. முப்பத்தெட்டு வருஷம் பூட்டிக் கிடந்த மானம் திறந்த வண்டியில் ஊர்வலம் போகிறது. அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. எந்தக் கடைக்குக் கொடுத்தாய் என்று அவனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டு வாங்குவதற்கு மூன்று நாள் ஆயிற்று. எல்லாம் சும்மாதான் எனக்கு.

உங்க சாமான் ரூம் என்றானே, அந்த ரூமை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். திருச்சியில் சகாயமேரி டீச்சரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், அவள் நான் கதை விடுகிறேன் என்று நினைத்தாள். எங்களில் ஒரு வீட்டில் பெண் பிறந்தால் அன்றைக்கே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். நான் தவழ்வதற்கு முன்னால் எனக்கு இரண்டு அண்டாவும் ஒரு குத்துவிளக்கும் சொந்தம். ஐந்து வயதில் பன்னிரண்டு எனாமல் சட்டி, ஏழு வயதில் ஜாடிகள், பத்து வயதில் ஆறு விதமான கரண்டி, அதில் பாதி எதற்கென்றே இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். மற்றப் பிள்ளைகள் சிலேட்டில் தங்கள் பெயரைப் படித்தார்கள், நான் தாம்பாளத்தில் படித்தேன். தை மாதத்தில் ஒரு நாள் ஆத்தா எல்லாவற்றையும் வெளியே எடுத்து வளவு முற்றம் முழுக்கப் பரப்பி வெயில் காட்டுவாள், துணியால் துடைப்பாள், ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவாள். அந்த ஒரு நாள் மட்டும் வெறும் தரையில் கால் வைக்க இடமிருக்காது. நான் பாத்திரங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போவேன், ஆத்தா "ஏய், நசுக்கிராத, உம் மாப்பிள்ளை வந்து என்னையக் கேப்பாக" என்பாள். அந்த வெயில், அந்தச் சூடான பித்தளை வாசனை, உள்ளங்காலில் தரையின் வழவழப்பு. சந்தோஷமாகத்தான் இருந்தேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு என்ன நஷ்டம்? அந்த மாப்பிள்ளையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவருக்கென்று இவ்வளவு சாமான் இருக்கும்போது அவர் வராமல் எங்கே போவார்?

இதோ வந்துவிட்டது. பித்தளைப் பக்கம். நான்கு தட்டு, தரையிலிருந்து மேல்வரை. முதல் பார்வையிலேயே தெரிகிறது, எல்லாம் என்னுடையவை. அந்த மூக்கு வைத்த கூஜா, அந்தச் சீப்பு விளிம்புத் தட்டு. உமையாள், உமையாள், உமையாள். இத்தனை இடத்தில் என் பெயரை நான் வகுப்பு ரிஜிஸ்டரில்கூடப் பார்த்ததில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்க்கிறேன், பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறேன். ஒற்றைப் பெயர்தான். இதிலும் ஒற்றைப் பெயர். இதிலும். ஏகப்பனைக் காணோம். பின்னால் இருக்கும். ஒரு போகணியை நகர்த்தினால் அடுத்தது கணீரென்று இடித்துக்கொள்கிறது, பாய் நிமிர்ந்து பார்க்கிறார், நான் ஒரு சொம்பைத் தூக்கி ரசிப்பதுபோல் பாவனை செய்கிறேன். நாடகத்தில் நான் எப்போதும் மோசம், பள்ளி ஆண்டுவிழாவில் எனக்குத் திரை இழுக்கிற வேலைதான் கொடுப்பார்கள்.

ஏகப்பனை நான் பார்த்தது ஒரே ஒருமுறை. கீழச்சிவல்பட்டியில் ஒரு கல்யாணத்தில். பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டிருந்தார், சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகியிருந்தார், பாங்கியில் வேலை என்று என் காதில் யாரோ போட்டார்கள். நான் அந்தப் பக்கம் வெற்றிலைத் தட்டோடு போனபோது நிமிர்ந்து பார்த்து, வழி விடுவதற்காகக் காலை மடக்கிக்கொண்டார். அவ்வளவுதான். காலை மடக்கிக்கொண்டதற்கு ஒருவரைப் பிடிக்குமா என்றால், பிடித்தது. எனக்கு மிகவும் பிடித்தது. இருபத்துமூன்று வயதில் அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து சம்மதம் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனார், வெள்ளிக்கிழமை பேசி முடிக்கலாம் என்றார். அதற்கு நான்கு நாள் இருந்தது. ஆத்தாவுக்கு அந்த நான்கு நாள் பொறுக்கவில்லை. பெயர் வெட்டுகிறவர் மறுநாள் ஊருக்குப் போகிறார், திரும்பி வர மாசி ஆகிவிடும் என்று தெரிந்ததும், சேலையை மாற்றிக்கொண்டு ஓடினாள். எங்களில் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் பிள்ளையையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள், தனி அடுப்பு, தனிச் சமையல். அந்தப் புது அடுப்பில் முதல் நாள் பால் காய்ச்சுவதற்கென்று ஒரு சட்டி. அதில் இரண்டு பெயரையும் சேர்த்து வெட்டி வாங்கி வந்துவிட்டாள். வந்து முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள், அவள் முகத்தில் அப்படி ஒரு திருட்டுச் சிரிப்பு. நான் கையில் வாங்கி அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தேன். என் பெயருக்கும் அவர் பெயருக்கும் நடுவே ஒரு சின்னப் பூ வெட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. தேவகோட்டையில் அவருக்கு வேறு பெண் பேசி முடித்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. என் நிறம் என்றார்கள், ஜாதகம் என்றார்கள், ஏதோ ஒன்று.

"வாவ், இது என்ன, பிராண்ட் நியூ மாதிரி இருக்கு!" பின்னாலிருந்து குரல். திடுக்கிட்டுச் சொம்பை வைக்கிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண், ஜீன்ஸ், கையில் செல்போன், எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. என் கூஜாவை மூன்று கோணத்தில் படம் எடுக்கிறாள். "பாய், இதெல்லாம் ஒரே வீட்டுதா? எல்லாத்துலயும் ஒரே பேர் இருக்கே. உமையாள். யாரு பாய் அவங்க?" என் காது இரண்டும் சுடுகிறது. நான் எனாமல் தட்டுகள் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். பாய் பூட்டை வைத்துவிட்டு வருகிறார், வியாபாரக் களை வந்துவிட்டது. "ஒரே வீட்டுதாம்மா. பெரிய வீட்டுப் பொண்ணு. கல்யாணத்துக்குன்னு சேத்தது, பாவம், அதுக்குள்ள சின்ன வயசுலயே தவறிட்டாக போல. இல்லாட்டி இத்தனை சாமானும் புழங்காம கிடக்குமா? பாருங்க, ஒரு கீறல் கிடையாது, அடுப்பு ஏறுனதே இல்ல." அந்தப் பெண் "அய்யோ" என்கிறாள், உண்மையாகவே கண் கலங்குகிறது அவளுக்கு. நான் எனாமல் தட்டின் நீலப் பூவைப் பார்த்தபடி என் சாவுச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பென்ஷன் வாங்குகிற, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற, கரண்ட் பில்லைத் தவறாமல் கட்டுகிற ஒரு பெண்பிள்ளை சின்ன வயதில் தவறிவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் பாய் சொன்னதில் தப்பென்ன? இந்தத் தட்டு நான்கையும் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். புழங்காத சாமான். கீறல் கிடையாது. அடுப்பு ஏறியதில்லை. நான் திருச்சியில் ஒரு வாழ்க்கை வாழ்ந்தேன், மூவாயிரம் பிள்ளைகளுக்கு பருவக்காற்றைச் சொல்லிக் கொடுத்தேன், சகாயமேரியோடு கொடைக்கானல் போனேன், சொந்தமாகத் திருவானைக்காவலில் ஒரு வீடு கட்டினேன், பால் காய்ச்சினேன், எவர்சில்வர் பாத்திரத்தில். அதில் எதுவும் இங்கே வெட்டப்படவில்லை.

இதில் ஆத்தாமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அந்தச் சட்டியைக் காட்டி, "இதைக் கிணத்துல போடு" என்றேன். போடவில்லை. "சாமானக் கிணத்துல போடுவாகளாடி? அடியில கிடக்கட்டும், யாரு பாக்கப் போறா?" என்றாள். வெளியே விற்கவும் முடியாது, பெயரைப் பார்ப்பார்கள். உருக்கக் கொடுத்தால் கொடுத்த இடத்தில் படிப்பார்கள். இன்னொரு மாப்பிள்ளை வந்தால் அவருக்குக் கொடுக்கவா முடியும்? அப்படியே அடியில் போயிற்று. நான் பி.எட். படிக்கத் திருச்சிக்குப் போய்விட்டேன், அங்கேயே வேலை, ஊருக்கு வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை. ஆனால் ஆத்தா நிறுத்தவில்லை! எனக்கு முப்பது வயதில் இட்லிக் கொப்பரை வாங்கினாள். முப்பத்தைந்தில் பன்னீர்ச் செம்பு. நாற்பத்திரண்டு வயதில் நான் பொங்கல் லீவுக்கு வந்தபோது புதிதாக ஒரு காபி வடிகட்டி, உமையாள் என்று வெட்டி, துணி சுற்றி வைத்திருந்தாள். அன்றைக்கு நான் கத்தினேன். அந்த நேரத்தில் அவள் கையில் இருந்தது ஒரு அலுமினியப் பாத்திரம், அடியில் ஓட்டை, அதற்கு அரிசி மாவு வைத்து அடைத்து அதில் தனக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "ஒரு ரூம் நிறைய பாத்திரத்தப் பூட்டி வச்சுக்கிட்டு ஓட்டைச் சட்டியில காச்சுறியே, உனக்கே நல்லாயிருக்கா? அதுல ஒண்ண எடுத்துப் புழங்கு ஆத்தா!" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பாலைத்தான் பார்த்தாள். "அது உனக்குள்ளது. அதுல நான் எப்புடிக் கை வைக்கிறது? உனக்கு வேணுமுல்ல." நாற்பத்திரண்டு வயதில்! எனக்கு வேணுமாம்! நான் அடுத்த பஸ்ஸில் போய்விட்டேன். மறுவருஷம் வந்தபோது அலுமினியப் பாத்திரத்தைக் காணோம். எங்கே என்றதற்கு "வேற ஒண்ணு எடுத்துக்கிட்டேன்" என்றாள். கடையில் வாங்கியிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்த காபி எப்போதும் எவர்சில்வர் செம்பில்தான் வந்தது. கடைசி மூன்று மாதம் வயிரவன் வீட்டில் சென்னையில் இருந்து, அங்கேயே முடிந்து, அங்கேயே எல்லாம் ஆயிற்று. ஐந்து வருஷமாகிறது. ஊர் வீட்டு அடுப்படிக்குள் நான் அதற்கப்புறம் காலெடுத்து வைக்கவே இல்லை.

நான்கு தட்டையும் பார்த்தாயிற்று. இரண்டு முறை. சட்டி இல்லை. இல்லையென்றால் யாரோ வாங்கிவிட்டார்கள். யார்? ஏகப்பன் வீட்டு மருமகள் யாராவது, மாமனார் பெயர் வெட்டிய சட்டியைப் பார்த்து, யாரந்த உமையாள் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டு, எல்லோரும் சிரித்து, அவர் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டே, "யாருன்னு ஞாபகமில்லையே" என்று சொல்லி. அந்த ஞாபகமில்லையேதான் எனக்குப் பயம் என்று இப்போது தெரிகிறது. சிரித்தால்கூடப் பரவாயில்லை. இனிமேல் சும்மா உதவாது, கேட்டாக வேண்டும். "பால் சட்டி இருக்கா? சின்னதா, பித்தளையில" என்கிறேன். குரல் கீச்சென்று வருகிறது. பாய் தட்டுகளைப் பார்த்து மோவாயைச் சொறிகிறார். "இந்த லாட்டுல பால் சட்டி நல்லது எதுவும் இல்லையே மேடம். ஒண்ணு இருந்துச்சு, அது பழசு, எடைக்குப் போட்டு வச்சிருக்கேன். பின்கட்டுல கிடக்கு. பாக்குறதுன்னா பாருங்க, ஒங்களுக்குப் பிடிக்காது." பழசா? அப்படியானால் அது இல்லை. அந்தச் சட்டி ஒரு நாளும் அடுப்பு ஏறாதது. இருந்தாலும் கால் போகிறது. பின்கட்டில் ஓடு போட்ட தாழ்வாரம், உடைந்த நிலைக்கதவுகள், சாக்கு விரித்து அதன்மேல் எடைக்குப் போகிற சாமான். பாய் காலால் ஒதுக்கி ஒன்றைத் தள்ளுகிறார். கரி பிடித்த ஒரு சட்டி. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. அடி கறுத்து, தேய்ந்து, கொஞ்சம் உள்வாங்கி. உள்ளே வெள்ளையாக ஈயம் பூசி, அதுவும் தேய்ந்து, மறுபடி பூசி. விளிம்பு மடித்தது.

நான் அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி, எழுந்திருக்கச் சிரமப்படப் போகிறேன், போகட்டும். சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பெயரைக் காணோம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எல்லாம் மழுமழுவென்று ஆகிவிட்டிருக்கிறது. இது வேறு யாருடையதோ. கட்டை விரலைக் கழுத்துக்குக் கீழே வைத்து மெல்ல ஓட்டுகிறேன். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படுகிறது. சொரசொரவென்று கொஞ்சம். பிறகு ஒரு சின்ன வட்டம், அது பூ. பிறகு மறுபடி சொரசொரப்பு. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தடவிய அதே விரல். வேற ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ஒண்ண எடுத்துப் புழங்கு என்று நான் கத்தியதற்கு அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு ரூம் நிறைய இருந்ததில் எனக்கு இனிமேல் வேண்டியிருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றே ஒன்றை. மற்றதெல்லாம் எனக்குள்ளது. நாற்பத்திரண்டில், ஐம்பதில், ஐம்பத்தாறில், அவள் கண் மூடுகிற வரைக்கும் எனக்குள்ளது, எனக்கு வேணும். நான் வரும்போதெல்லாம் இதை எங்கே ஒளித்தாளோ. விறகுக்குப் பின்னால் வைத்திருப்பாள். நான் திருச்சிக்குத் திரும்பிய பிறகு மறுபடி எடுத்து அடுப்பில் வைத்திருப்பாள். இரு, இரு, பால் பொங்குது. பொய்யில்லை. சாக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு நிஜமாகவே பொங்கியிருக்கிறது, இதில். ஒரு பக்கம் விளிம்போரமாக வழிந்து கருகிய கறை இருக்கிறது, பார். நான் அழுகிறேன் போலிருக்கிறது. முகத்தைத் துடைக்கக் கை வைத்தால் கை நிறையக் கரி.

"என்ன மேடம், என்னாச்சு, தண்ணி கொண்டாரவா?" பாய் பதறுகிறார். "ஒண்ணுமில்ல. எங்க ஆத்தா இதுலதான் பால் காச்சுனது" என்று வந்துவிட்டது வாயில். காலையிலிருந்து கட்டிக்காத்த திருச்சிப் பேச்சு ஒரு சொல்லில் போயிற்று. பாய் என்னைப் பார்க்கிறார், சட்டியைப் பார்க்கிறார், வாசல் பக்கம் திரும்பி அந்த நான்கு தட்டையும் பார்க்கிறார். முகம் வெளிறிப்போகிறது அவருக்கு. "ஆச்சி, நீங்களா? நான் வந்தவுகளுக்குச் சும்மா வாய்க்கு வந்தத... தவறிட்டாகன்னு... மனசுல வச்சுக்கிராதீக ஆச்சி." "அதனால என்ன பாய், யாவாரத்துக்குச் சொன்னதுதான" என்கிறேன், சிரிப்பும் அழுகையுமாக மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் சட்டிக்குக் கை நீட்டுகிறார். "குடுங்க, புளி போட்டுத் தேச்சு, அந்த நசுக்கத்த எடுத்துத் தாரேன். புதுசு கணக்கா ஆயிரும்." "வேண்டாம், வேண்டாம்" என்று நான் சட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட வேகத்தில் அவரே ஒரு அடி நகர்ந்துவிட்டார். அப்புறம் பணம் வாங்க மாட்டேன் என்று அவரும் கொடுப்பேன் என்று நானும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் பழைய இரும்பு எடை போடுகிற தராசில் வைத்து எடைக்கு என்ன வருமோ அதை வாங்கிக்கொண்டார்.

வெளியே வரும்போது அந்தப் பெண் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது, முகம் சொல்கிறது. "ஆன்ட்டி, ஸாரி. இது உங்களோடது. நான் எடுத்துக்கல, நீங்களே வச்சுக்கோங்க." நான் அந்தக் கூஜாவைப் பார்க்கிறேன். பதினோரு வயதில் வந்தது, தாவும்போது ஒருமுறை இடறிக்கூட விழுந்தேன், அப்போதும் நசுங்கவில்லை. "எடுத்துக்கம்மா. என்ன செய்யப் போறே இத?" அவள் தயங்குகிறாள். "மணி பிளான்ட் வைக்கலாம்னு..." "தண்ணி ஊத்தி வச்சுக் குடி. எல்லாரும் குடிங்க. நசுங்குனா நசுங்கட்டும்." அவள் தலையாட்டுகிறாள், மணி பிளான்ட்தான் வைப்பாள் என்று எனக்குத் தெரியும், வைக்கட்டும், அதற்கும் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லவா. பாய் பேப்பரில் சுற்றித் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்கிறேன். சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன், கரி சேலையில் அப்பிக்கொள்கிறது, உச்சி வெயில். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி அந்தத் தெரு வழியாகத்தான், ஏகப்பன் வீட்டைத் தாண்டித்தான். பெரிய கதவு திறந்திருக்கிறது. உள்ளே நிழலில் வெள்ளை வேட்டியில் ஒருவர் நாற்காலியில், கையில் பேப்பர், அவரா, வேறு யாராவதா. அவர் நிமிர்ந்தாரா இல்லையா என்று நான் நின்று பார்க்கவில்லை. சட்டியில் பெயர் என் இடுப்புப் பக்கம் இருக்கிறதா, தெருப்பக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. மனது வேறொன்றில் சிக்கிக்கொண்டது. ஃபிரிட்ஜில் நேற்று வாங்கிய பால் இருக்கிறதா, காலையில் தீர்ந்துவிட்டதா? தீர்ந்திருந்தால் பாலத்தில் இறங்காமல் நேரே போய், திருவானைக்காவலில் இறங்கியதும் அரை லிட்டர் வாங்க வேண்டும்.